மலைக்குக் கூலி எவ்வளவு?

1912-இல் கேப் டவுன் நகர மன்றம் எச். எம். பீட்டர் என்ற பொறியாளரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. நகரின் முதுகுப்புறம் செங்குத்தாக எழுந்து நிற்கும் டேபிள் மவுண்டன் உச்சிக்கு ஜனங்களை ஏற்றிச்செல்ல எந்த ஏற்பாடு தோதுப்படும் என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிளாட்டெக்லிப் என்ற மலைப்பிளவின் வழியாகத் தண்டவாளம் போட்டு, கம்பி கட்டி இழுக்கும் ரயில் விடலாம் என்றார் அவர். பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை. செலவு ஒரு லட்சம் பவுண்டு ஆகும். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. நகரத்தாரிடம் வாக்கெடுப்பு நடந்தது; மிகப் பெரும்பான்மையோர் செய்யலாம் என்றே வாக்களித்தார்கள். இன்று அதே மலையின் அடிவாரத்தில் வரிசையில் நிற்பவர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள். 2024 வாக்கில் போக வர ஏறக்குறைய 400 ராண்ட்; கேபிள் கார் மேலே போய்ச் சேர ஐந்து நிமிடம். கொடுக்கலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்குக் கட்டணத்தை நிமிடங்களால் வகுத்து விடை காண முடியாது என்பது என் கருத்து. அந்த மலையில் எது இலவசமாக விடப்பட்டிருக்கிறது, எதற்கு மட்டும் காசு வாங்கப்படுகிறது, அந்தக் காசு யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்று பார்த்தால்தான் விலை நியாயமா என்பது புலப்படும். அதற்கு மலையின் கடந்தகாலத்தைக் கொஞ்சம் புரட்டியாக வேண்டும்.

டேபிள் மவுண்டனின் உச்சி கூம்பாக இல்லை. மூன்று கிலோமீட்டர் அளவுக்குத் தட்டையாகக் கிடக்கிறது. அதில் மிக உயரமான இடம் மக்லியர்ஸ் பீக்கன், 1,086 மீட்டர். கடலோரத்திலிருந்து நேராக எழுவதால் உயரம் இன்னும் கூடுதலாகத் தெரியும். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் 1503-இல் நடந்தது. போர்த்துக்கீசியக் கடலோடி அந்தோனியோ டி சல்தான்யா, தான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள பிளாட்டெக்லிப் பிளவின் வழியாக ஏறிப் பார்த்தார். 1797-இல் லேடி ஆன் பார்னார்ட் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஏறினார். கோய், சான் மக்கள் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அவர்கள் ஏறியதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த நீண்ட காலம் முழுவதும் மேலே போக ஒரே வாகனம் கால்கள். ஊருக்கும் மலையிடமிருந்து காட்சி தேவைப்படவில்லை, தண்ணீர்தான் தேவைப்பட்டது. 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மலையடி விரிகுடாவில் குடியேற்றம் அமைத்ததற்கு முக்கியக் காரணமே, இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் போகிற கப்பல்கள் நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான். அந்தத் தண்ணீர் இந்த மலையின் ஓடைகளில் இறங்கி வந்தது.

டேபிள் மவுண்டனில் முதன்முதலில் கம்பி கட்டப்பட்டதும் தண்ணீருக்காகவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் பெருத்து ஓடைகள் போதாமல் போனபோது, மலையின் மேல்தளத்திலேயே அணை கட்ட முடிவானது. தாமஸ் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளரின் திட்டம் அது. கல்லை மலையிலேயே வெட்டிக்கொள்ளலாம். சிமென்ட், கருவிகள், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கீழேயிருந்து போக வேண்டும். கேம்ப்ஸ் பே பக்கம் காஸ்டீல்ஸ்பூர்ட் என்ற ஏற்றத்தில் 1893-இல் ஒரு கம்பிவடம் அமைத்தார்கள். ஆட்களும் அதில் போனார்கள். மேலே தொழிலாளர் குடியிருப்பு ஒன்றே உருவாயிற்று. கல் இழுக்க ஒரு சின்ன நீராவி எஞ்சினைக்கூடத் துண்டுதுண்டாகக் கழற்றி மேலே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அது இன்றும் மலைமேல் உள்ள நீர்வழங்கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வுட்ஹெட் அணை 1897-இல் முடிந்தது, ஹெலி-ஹட்சின்சன் அணை 1904-இல். அந்தக் கம்பிவடத்துக்குச் செலவழித்தது தகுமா என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. குழாயில் தண்ணீர் வந்தால் போதும். தகுமா என்ற கேள்வி பிறப்பது, மலையிலிருந்து எடுத்துவர ஒரு பொருளும் இல்லாமல், பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக மட்டும் ஏறத் தொடங்கும்போதுதான்.

அந்த ஆசை கேப் டவுனில் 1870-களிலேயே முளைத்துவிட்டது. உச்சிக்குப் பற்சக்கர ரயில் விடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் கிளப்பிய திட்டம், 1880-81-இல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் மூண்ட முதல் போரில் அடங்கிப்போனது. பிறகு வந்ததுதான் பீட்டரின் திட்டம். நகரம் அதற்கு வாக்களித்து முடித்த கொஞ்ச காலத்தில் முதல் உலகப் போர் வந்து அதையும் நிறுத்தியது. பின்னர் அது கைவிடப்பட்டது. இரண்டு முறையும் போர் குறுக்கிட்டதை ஊரின் துரதிர்ஷ்டம் என்று சொல்லக் கேட்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பீட்டர் தண்டவாளம் போட நினைத்த பிளாட்டெக்லிப் பிளவுதான் நடந்து ஏறுபவர்களுக்கு மிக நேரான வழி. சல்தான்யா ஏறியதும் அதிலேதான். இன்றும் மலையேறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏறுவதும் அதிலேதான். டாஃபெல்பெர்க் சாலையிலிருந்து கற்படிகளாக மூன்று கிலோமீட்டர், எழுநூறு மீட்டர் ஏற்றம், சாதாரண ஆளுக்கு இரண்டு மணி நேரம். அந்தக் குறுகலான பிளவைப் பாறை உடைத்து, மேடு கட்டி, தண்டவாளம் பதித்து ரயிலுக்குக் கொடுத்திருந்தால், நடப்பவனின் வழி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் கம்பிவடம் சுரங்கத்திலிருந்து சுற்றுலாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. லைப்சிக் நகரத்து அடோல்ஃப் பிளைஹெர்ட் கம்பெனி தாதுவும் நிலக்கரியும் சுமக்கும் கம்பிவடங்களை உலகமெங்கும் கட்டிக்கொடுத்துப் பேர் வாங்கியது. ஆளைச் சுமக்கும் வடங்கள் 1908-இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு வந்தன. ஒன்று, போல்ட்சானோ நகருக்கு மேலே கோலர்ன் மலையில் விடுதி நடத்திய யோசஃப் ஸ்டாஃப்லர் தன் விடுதிக்கு ஆள் வர வேண்டும் என்று கட்டியது. இன்னொன்று, சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் வெட்டர்ஹார்ன் சிகரத்தை நோக்கிக் கட்டியது. உச்சிவரை போக வேண்டிய அந்த இரண்டாவது திட்டம் முதல் கட்டத்தோடு நின்றது. போர் தொடங்கிப் பயணிகள் நின்றதும் 1914-இல் மூடப்பட்டு, பிறகு பிரித்தெடுக்கப்பட்டது. கோலர்ன் வடமோ 1913-இல் பிளைஹெர்ட் கையால் புதுப்பிக்கப்பட்டு, பல மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. வெட்டர்ஹார்ன் தோற்றதற்குப் போரை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. மேலே போய்ச் சேருமிடத்தில் தங்கி இருக்க, நடக்க, பார்க்க, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்பதும் காரணம். பாதி வழியில் இறக்கிவிடும் வண்டி, அந்தரத்தில் போகிற சிலிர்ப்பை மட்டுமே விற்றது. சிலிர்ப்புக்கு ஒரு முறை காசு கொடுப்பார்கள். ஊர்க்காரன் மறுபடி வர மாட்டான்.

கேப் டவுனில் 1926-இல் டிரிக்வே ஸ்ட்ரோம்சோ என்ற நார்வே நாட்டுப் பொறியாளர் கம்பிவடத் திட்டத்தோடு வந்தார். சர் ஆல்ஃபிரெட் ஹென்னசி, வைரத் தொழிலின் சர் ஏர்னஸ்ட் ஓப்பன்ஹைமர், சர் டேவிட் கிராஃப் முதலிய பணக்காரர்கள் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். பிளைஹெர்ட் கட்டியது. ஆன செலவு 60,000 பவுண்டு, ரயிலுக்குச் சொன்ன தொகையில் முக்கால் பங்குகூட இல்லை. 1929 அக்டோபர் 4-ஆம் தேதி நகர மேயர் ஏ. ஜே. எஸ். லூயிஸ் திறந்து வைத்தார். மூன்று வாரங்களில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து உலகமே வறுமையில் விழுந்தது. அந்தக் காலத்தையும் தாண்டி வண்டி ஓடியது. செலவு குறைந்ததற்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு பெட்டிகள், இரண்டையும் ஒரே இழுவடம் பிணைக்கிறது. ஒன்று இறங்கும்போது அதன் கனமே மற்றதை மேலே தூக்குகிறது. மோட்டார் தூக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். கீழே ஒரு நிலையம், மேலே ஒரு நிலையம். நடுவே பாறையைத் தொட வேண்டியதில்லை. 302 மீட்டரில் ஏறி 1,067 மீட்டரில் இறங்கலாம். ஒரு லட்சம் பவுண்டு பொதுப்பணத்தில் வந்திருக்க வேண்டிய ரயிலின் இடத்தில், தனியார் பணத்தில் வடம் வந்தது. மலையின் மேனி பெரிதாகக் கெடவில்லை. நடப்பவனின் வழி நடப்பவனுக்கே மிஞ்சியது. இந்த மூன்றும் சேர்ந்துதான் இன்றைய டிக்கெட்டின் பொருளைத் தீர்மானிக்கின்றன. உச்சி விற்பனைக்கு இல்லை. காலால் ஏறுகிறவன் யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். விற்கப்படுவது தூக்கிவிடும் வேலை மட்டும். வேறு வழியை அடைத்துவிட்டுக் கட்டணம் வாங்குவதற்கும் இதற்கும் வெகுதூரம்.

இதற்கு மலையேறிகள் சொல்லும் மறுப்பு பழையது, மதிப்புக்குரியதும்கூட. உழைக்காமல் அடைந்த உச்சி உச்சியே இல்லை என்பது அவர்கள் வாதம். தென்னாப்பிரிக்க மலையேற்றக் கழகம் 1891-இல் இந்த மலையடியில்தான் பிறந்தது. முதல் உலகப் போரில் இறந்த கழக உறுப்பினர்களுக்கு 1923-இல் மக்லியர்ஸ் பீக்கன் அருகே நினைவுப்பலகை திறந்தவர் யான் ஸ்மட்ஸ். தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்தபோதும் அந்த மலையில் நடையாக ஏறி வந்தவர் அவர். மலையேறுவதை ஏறத்தாழ ஒரு வழிபாடாகவே கருதினார். அந்த உணர்வை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நல்ல முழங்கால்களும், ஓய்வான ஒரு நாளும், துணைக்கு வர நான்கு பேரும் எல்லோருக்கும் வாய்க்குமா? எழுபது வயதுப் பாட்டிக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவனுக்கு, கைக்குழந்தைக்காரிக்கு உழைத்து அடையுங்கள் என்று சொல்வது அறிவுரை ஆகாது, கதவைச் சாத்துவது ஆகும். வலுவுள்ளவன் ஏறிக்கொள்ளட்டும், அவன் ஏறுகிற வழியில் வண்டி குறுக்கிடவில்லை. மேலே அவன் பார்க்கும் கடலில் மற்றவர் பார்ப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஐந்து நிமிடத்துக்கா இத்தனை காசு என்பது அடுத்த மறுப்பு. 1929-இல் ஓடிய பெட்டி சின்னது, மரத்தால் ஆனது, தகரக் கூரை. இருபது பேர் அளவில்தான் ஏறலாம், மெதுவாகத்தான் போகும். 1997 அக்டோபரில் வந்த இன்றைய பெட்டி 65 பேரைச் சுமந்துகொண்டு வினாடிக்குப் பத்து மீட்டர் வரை விரைகிறது. ஏறும்போதே அதன் தரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. அதனால் ஜன்னலோரத்துக்கு முண்டியடிக்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்றால் பாறைச்சுவர், விரிகுடா, ஊர், லயன்ஸ் ஹெட் குன்று என்று வரிசையாக முன்னே வந்து போகும். பெட்டியின் அடியில் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காற்று அடிக்கும்போது ஆட்டம் காணாமலிருக்க அது கனம் கொடுக்கிறது. மேல் நிலையத்துக்குத் தண்ணீரும் கொண்டுபோகிறது. ஊருக்கே தண்ணீர் கொடுத்த மலைக்கு இன்று கீழேயிருந்து தண்ணீர் ஏறுகிறது. ஆனாலும் காசு இந்தச் சுற்றலுக்கல்ல. மேலே இறங்கியபின் தட்டை உச்சியின் மேற்குப் பகுதி ஓரமாக நடக்கும் நேரம், ராபன் தீவும் கேப் முனையை நோக்கிப் போகும் மலைத்தொடரும் கண்ணில் படும் நேரம், அதற்குத்தான். அரைமணியில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் இறங்குகிறவருக்கு அந்தத் தொகை அதிகம்தான். என்னைக் கேட்டால் அவர் போகாமலிருப்பதே நல்லது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் அரைநாள் இருந்து, மக்லியர்ஸ் பீக்கன் வரை நடந்துவிட்டு வருகிறவருக்கு அது மலிவு. நடந்து ஏறி, முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள இறங்க மட்டும் ஒருவழி டிக்கெட் எடுக்கிறவர்கள் ஏராளம். என் பார்வையில் மிகப் புத்தியான செலவு அதுதான்.

காசைக் கொடுத்துவிட்டு மேகத்தைப் பார்த்துவிட்டு வந்த கதை எத்தனையோ பேரிடம் உண்டு. கோடைகாலத்தில் தென்கிழக்குக் காற்று ஃபால்ஸ் பே பக்கமிருந்து ஈரத்தோடு வந்து மலையில் மோதி மேலேறுகிறது. உயரத்தில் குளிர்ந்து மேகமாகி, தட்டையான உச்சியை மூடி, ஊர்ப்பக்க விளிம்பில் வழிகிறது. கொஞ்சம் இறங்கியதும் வெப்பம் பட்டுக் கரைந்துபோகிறது. கீழேயிருந்து பார்க்க அத்தனை அழகு. உள்ளே நிற்பவனுக்குத் தன் கைகூடத் தெரியாது. காற்று வலுத்தால் மேலே சங்கு ஊதுவார்கள். எல்லோரும் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும், வண்டி நிறுத்தப்படும். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாட்கள் முழுக்க மூடியும் விடுவார்கள். இதை ஏமாற்றமாக எண்ணுகிறவர்கள் இத்தாலியின் மொத்தரோனே மலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 2021 மே 23-ஆம் தேதி இழுவடம் அறுந்து பெட்டி விழுந்து 14 பேர் இறந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். வடம் அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசர பிரேக், அடிக்கடி தானாகப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று இடுக்கி போட்டு முடக்கப்பட்டிருந்தது. வண்டியை நிறுத்த மனம் வராததன் விலை அது. ஓடாத நாட்களுக்கான செலவும் டிக்கெட்டுக்குள் அடங்கியிருப்பதுதான் நல்ல அறிகுறி. வானம் தெளிந்த நாளுக்காகக் காத்திருந்து டிக்கெட் எடுப்பது பயணியின் பொறுப்பு.

மலைக்கு என்ன ஆகிறது என்பதையும் கேட்க வேண்டும். கேப் தீபகற்பத்தில் 2,200-க்கும் மேற்பட்ட செடிவகைகள் இருக்கின்றன, அவற்றில் பல உலகில் வேறெங்கும் இல்லை. டேபிள் மவுண்டனின் ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு தவளைகூட உண்டு. 1929 முதல் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைக் கம்பிவடம் மேலே ஏற்றியிருக்கிறது. இத்தனை கால்கள் பட்டால் மலை தாங்குமா? வந்தவர்களில் பெரும்பாலோர் மேல் நிலையத்தை ஒட்டிய கற்பாதைகளை விட்டு விலகுவதில்லை என்பதுதான் இங்கே காப்பாற்றுகிறது. கூட்டம் மேற்கு மூலையிலேயே தங்கிவிடுகிறது. அணைகள் இருக்கும் பின்மேசையும் ஓடைப் பள்ளங்களும் நடப்பவர்களின் சிறு எண்ணிக்கைக்கே எட்டுகின்றன. மேலே சாலை போட்டிருந்தால் இப்படி இருந்திருக்காது.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் மறுப்பு இவை எதுவுமல்ல. மலையின் கீழ்ச்சரிவில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்பு இருந்தது. மலாய் வழியினர், இந்தியர், கறுப்பர், கலப்பினத்தார், யூதர் என்று பலரும் கலந்து வாழ்ந்த இடம். 1966-இல் அது வெள்ளையருக்கானது என்று அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இடிக்கப்பட்டு, கேப் ஃப்ளாட்ஸ் மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள். மலையடியில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அதே மலையைத் தினமும் பார்க்கிறார்கள். பாதை இலவசம் என்பது என் வாதத்தின் அடிக்கல். ஆனால் பாதையின் தொடக்கத்துக்கு வந்து சேரவே அவர்களுக்கு இரண்டு வண்டி மாற வேண்டும். 2024 மார்ச்சில் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27.58 ராண்ட். 400 ராண்ட் என்றால் பதினான்கு மணி நேர உழைப்பு, ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலை. ஒரே சீட்டுக்கு இப்படி இரண்டு எடை.

கம்பெனி தனியார் பணத்தில் வந்தது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே விலை அதன் விருப்பம் என்று சொல்லிவிடலாம். அதை நான் ஏற்கவில்லை. வடமும் பெட்டியும் கம்பெனியுடையவை, மலை கம்பெனியுடையதல்ல. 1998 முதல் அது தேசியப் பூங்கா, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சொத்து. பொதுவானதின்மேல் கம்பி கட்டிச் சம்பாதிக்கும் உரிமை கிடைத்தவருக்கு, அந்தப் பொதுவுக்கு உரியவர்களை ஏற்றிச்செல்லும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கம்பெனி இதை ஓரளவு ஒப்புக்கொண்டும் இருக்கிறது: தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் பிறந்தநாளன்று அடையாள அட்டையைக் காட்டி இலவசமாகப் போய்வரும் நடைமுறை உண்டு, ஆள்வரத்துக் குறைந்த மாதங்களில் உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகைகளும் உண்டு. நல்ல தொடக்கம், ஆனால் போதாது. பிறந்தநாள் ஒருவருக்கு வரும்; குடும்பம் ஐந்து பேர். கூட வருகிறவர்களுக்கு முழுக் கட்டணம் என்றால் பிறந்தநாள்காரனும் வீட்டிலேயே இருந்துவிடுவான். வெளிநாட்டாருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்கினால் அவர்கள் வராமல் போகப்போவதில்லை. அந்தப் பணத்தில் கேப் ஃப்ளாட்ஸ் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக பஸ் வைத்து அழைத்துவந்து, ஏற்றிக்காட்டி, வுட்ஹெட் அணை வரை நடத்திக் கூட்டிப்போகலாம். தங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்த வழியையும், தாத்தா பாட்டி இருந்த தெருக்கள் கிடந்த இடத்தையும் அவர்கள் ஒரே நாளில் மேலிருந்து பார்ப்பார்கள். அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், எட்டுத் திக்கிலிருந்தும் வருகிற பயணி 500 ராண்ட் கொடுத்தாலும் அதிகமில்லை என்பேன்.